கன்னியம்மாவுக்கு ஆட்டாத தலை

1

அங்கே ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதத் தொடங்கி மூன்று தரம் கிழித்துப் போட்டேன். இது நாலாவது. இதையும் கிழிக்க விடாமல் என் மகள் டிலானி ஒவ்வொரு தாளாகப் பறித்துக்கொண்டு போய் ரைப் அடிக்கிறாள். ஆகவே இந்த முறை தப்ப வழியில்லை.

நான் இருப்பது மரக்காணத்துக்குத் தெற்கே, கூனிமேட்டுப் பக்கம், ரோட்டோரத்து அகதி முகாமில். வேலை உப்பளத்தில். பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கிற மோட்டாரை ஓட்டுவதும், காலையில் வேலைக்கு வருகிற பெண்களின் பெயரை நோட்டில் எழுதுவதும் என் பொறுப்பு. பிறந்தது மன்னார்ப் பக்கம். "கடல் தாண்டி வந்தும் உங்களை உப்பு விடேல்லை பாருங்கோ" என்பாள் மனைவி பிலோ. அவளுக்கு எல்லாம் பகிடிதான்.

போன மாதம் அளத்துக்கு ஒரு அதிகாரி வந்தார். மழை தொடங்கினால் இங்கே மூன்று மாதத்துக்கு உப்பு விளையாது, வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு அரசாங்கம் தொழிலாளருக்கு ஒரு நிவாரணம் கொடுக்கிறது. பெயர் பதிந்தவர்கள் உண்மையிலேயே அளத்தில் வேலை செய்கிறவர்கள்தானா என்று பார்க்க வந்திருந்தார். தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, மடியில் ஒரு டேப்லட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். நோட்டு எழுதுகிறவன் என்பதால் என்னைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இவங்க இங்க வேல செய்யறாங்களா?"

"ஓம் சேர்."

"இவங்க?"

"ஓம் சேர். இவ எட்டு வருசமா வாறா."

அதிகாரி சிரித்தார். "ஓம் எல்லாம் கோயில்ல சொல்லுங்க ஐயா. அறுபது பேர் இருக்காங்க. நான் இன்னும் பிரம்மதேசம் வேற போவணும். நீங்க வாயத் தொறக்கவே வேணாம். ஒவ்வொருத்தரா வருவாங்க, தலைய மட்டும் ஆட்டுங்க. நான் டிக் போட்டுக்கறேன்."

அந்த மனுசன் மேல் ஒரு பிழையும் இல்லை. வெயில் அப்படி. ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே காது அடைத்துவிட்டது.

அடுத்தது கன்னியம்மா. அளத்துப் பெண்கள் உப்பின் கூச்சத்துக்கு முகத்தைத் துண்டால் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள், கண் இரண்டும்தான் வெளியே தெரியும். அவளும் அப்படித்தான் வந்து நின்றாள். பிறகு துண்டை இறக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சொல்லுண்ணே" என்றாள். அவள் என்னை எப்போதும் சிலோன் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். புருசன் செத்து நாலு வருசம். அனுமந்தையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருகிறவள். என் நோட்டில் ஒரு நாளும் தவறாமல் இருக்கிற பெயர் அவளுடையதுதான்.

தலை அசையவில்லை. வாயும் வரவில்லை. குனிந்து என் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னாங்க, தெரியாதா இவங்கள?" என்று அதிகாரி கேட்டது காதில் விழுந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு விரலால் எதையோ தட்டினார். நான் அப்படியே நடந்து மோட்டார்க் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். மிச்சப் பேரை மேஸ்திரி முருகையன் காட்டிக் கொடுத்தாராம். நான் முகம் கழுவி வரும்போது ஜீப் போய்விட்டது. கன்னியம்மாவின் பெயர் மட்டும் நிராகரிக்கப்பட்டிருந்தது.

2

உங்களில் என் வயதுக்காரர் இந்நேரம் விளங்கிக்கொண்டிருப்பீர்கள். தலையாட்டி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே இருக்கிற சனத்துக்குத் தெரியாது, இங்கே பிறந்த என் பிள்ளைக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்காகச் சொல்கிறேன். ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து ஆண்களையெல்லாம் வரிசையாக நடக்க விடுவார்கள். ஒரு வாகனத்துக்குள் ஒருத்தன் இருப்பான், தலையில் சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்த ஆள் வீடு திரும்ப மாட்டான். ஆட்டுகிறவனும் பெரும்பாலும் அவர்கள் பிடித்து அடித்து வைத்திருக்கிற ஒரு ஊர்ப் பெடியன்தான்.

பத்தொன்பது வயதில் அந்தச் சாக்குக்குள் இருந்தவன் நான்.

எழுதிவிட்டேன். பிலோவுக்குக்கூடப் போன மாதம் வரைக்கும் தெரியாது. என்னை மூன்று மாதம் வைத்திருந்தார்கள், அடித்தார்கள் என்ற அளவில்தான் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அவள் கேட்டதில்லை. ஆனால் நான் கெட்டுப்போன விதத்துக்கு ஏற்ப வீட்டை அவள் மாற்றி வைத்துக்கொண்டாள். என்னிடம் கேள்வி கேட்டால் நான் வாயால்தான் பதில் சொல்வேன் என்று பிள்ளைக்குச் சின்னதிலேயே பழக்கினாள். முடிவெட்டுகிறவர் என் தலையைப் பிடித்துத் திருப்பப் போய் நான் அவரைத் தள்ளிவிட்ட நாளிலிருந்து அவளே வெட்டிவிடுகிறாள். கோணல்மாணலாகத்தான் வெட்டுவாள். "ஆரு உங்களை இனிப் பொம்பிளை பாக்கப் போறாங்கள்" என்று அதற்கும் ஒரு பகிடி.

என் கழுத்து மரம் மாதிரி நிற்கிறது என்று அளத்தில் சிரிப்பார்கள். "இன்னாண்ணே, வணக்கம் வெச்சா ஒரு தல ஆட்டக் கூடாதா?" என்பார் முருகையன். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு எண்ணெய்கூட வாங்கிக் கொடுத்தார், நல்ல மனுசன்.

இதெல்லாம் சின்ன விசயம். பெரிய விசயம் நான் உங்களுக்குச் செய்தது. முப்பது வருசத்துக்கு மேலாக நான் என் ஊர்ச் சனத்தைக் கண்டு ஒளிக்கிறேன். முகாமுக்குப் புதுக் குடும்பம் வந்தால் முதலில் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். முதல் இருந்த முகாமுக்கு எங்கட ஊரிலிருந்து ஒரு ஆசிரியர் குடும்பம் வந்தபோது, மாற்றம் கேட்டு ஒன்பது தரம் மனுக் கொடுத்து இங்கே வந்தேன். காரணம் என்ற கட்டத்தில் "மனைவிக்கு ஆஸ்துமா" என்று எழுதினேன். பிலோவுக்கு ஒரு மண்ணும் இல்லை, அவள் இப்போதும் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். தன் சகோதரங்களை விட்டு இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு நாளாவது ஏன் என்று கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். இல்லை, பொய். சொல்லியிருக்க மாட்டேன்.

3

டிலானி மரக்காணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை செய்கிறாள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பென்ஷன், எதற்கும் சனம் அவளிடம்தான் வரும். ஊருக்கெல்லாம் இந்தியக் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுக்கிற அவளுக்கு அந்தக் கட்டம் இல்லை. பிறந்தது இங்கே, படித்தது இங்கே, பேச்சும் இங்கத்தையது. நான் "கதைக்கிறன்" என்றால் அவள் "பேசறேன்" என்கிறாள். "உங்கப்பா நியூஸ்ல வர்ற மாதிரி பேசறாரு" என்று அவளுடைய தோழிகள் சிரிப்பார்களாம். முதலில் என் பக்கம் நின்று சண்டை பிடித்தாள், பிறகு அவளும் சேர்ந்து சிரித்தாள், இப்போது தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வருவதையே விட்டுவிட்டாள். என்னைப் போல ஒரு அப்பனை வைத்துக்கொண்டு அவள் வேறென்ன செய்வாள்.

கன்னியம்மாவின் நிவாரண விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவள் டிலானிதான். அதிகாரி வந்துபோன மறுநாள் கன்னியம்மா நேராக அந்தக் கடைக்குப் போயிருக்கிறாள். கடை நிறைய ஆள்.

"உங்கப்பனுக்கு நான் இன்னா துரோகம் பண்ணேன் சொல்லு. பேசத்தான் வேணாம், ஒரு தல ஆட்டுனா இன்னா கொறஞ்சுடும்? லேட்டுன்னு எழுதுனாருன்னு ஒரு நாள் சண்ட போட்டேன், அத மனசுல வெச்சிக்கினு என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டாரு. சிலோன்ல இருந்து பொழைக்க வந்தவரு, எங்க பொழப்புல கை வைக்கலாமா?"

டிலானி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்று இதை அப்படியே சொன்னாள்.

"நெஜமாவே தலைய ஆட்டலியாப்பா?"

"ஆட்டேல்லை."

"ஏன்?"

"ஏலாமப் போட்டுது."

"ஏலாமன்னா? தலைய ஆட்டறதுக்கு என்னா கஷ்டம்? சும்மா சீன் போடாதப்பா. அந்தக்கா பாவம்ப்பா."

பிலோ குறுக்கே வந்தாள். "அப்பாவைக் கரைச்சல் படுத்தாதை. நீ போய்ச் சாப்பிடு."

"இத்தினி வருஷம் இதே டயலாக்தாம்மா சொல்லினு இருக்க" என்றாள் மகள். அவள் சொன்னது சரி. எனக்கு மகளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

4

அடுத்த நாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அனுமந்தைக்குப் போனேன். கன்னியம்மா என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். வாசலிலேயே நின்றேன். கடைசியில் வெளியே வந்தாள். "ஆபீசுக்குப் போவம், நான் வந்து சொல்லுறன்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் எனக்கு நாலு சீட் முன்னால் உட்கார்ந்தாள்.

அலுவலகத்தில் அதே அதிகாரி இல்லை. வேறொருவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார், "நேர்ல வெரிஃபிகேஷன் முடிஞ்சி ரிஜெக்ட் ஆயிருக்குது. உடனிருந்தவர் உறுதி செய்யவில்லைன்னு போட்டிருக்குது."

"அந்த உடனிருந்தவர் நான்தான் சேர். இப்ப உறுதி செய்யிறன். நோட்டும் கொண்டு வந்திருக்கிறன்."

"லிஸ்ட்டு மேல போயிடுச்சுங்க. இந்த சீசன் க்ளோஸ். அடுத்த வருஷம் புதுசா அப்ளை பண்ணச் சொல்லுங்க." பிறகு என்னுடைய அடையாள அட்டையைக் கேட்டார். முகாம் அட்டையைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அகதி கார்டா? நீங்க சாட்சி சொன்னாலும் செல்லாதுங்களே. அன்னிக்கு உங்கள யாரு நிக்க வெச்சது?" என்றார்.

யார் நிற்க வைத்தது! அந்தக் கேள்விக்கு நான் சிரித்துவிட்டேன். கன்னியம்மா என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

வெளியே வந்து பஸ் நிற்கும் இடத்தில் அவளிடம் சொன்னேன். முழுவதும் இல்லை. ஊரில் என்னைப் பிடித்துவைத்துத் தலையாட்டச் சொல்லி அடித்தார்கள், அதிலிருந்து எனக்கு முடியாது, உன்மேல் எந்தக் கோபமும் இல்லை என்று. அவள் கவனமாகக் கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க. எனக்குப் புரியுதுண்ணே. ஆனா அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? மழ மாசத்துல என் வூட்டு அடுப்பு எரியணும்ல? உன் கதையக் கேட்டுட்டா எரியுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். இவ்வளவு காலமும் நான் எனக்குள்ளே சொல்லிச் சொல்லி வைத்திருந்த கதை, என்னை அடித்தார்கள், நகத்தைப் பிடுங்கினார்கள், நான் சின்னப்பெடியன் என்ற கதை, அது என்னால் கெட்ட ஒருத்திக்கு ஒரு நேரச் சோற்றுக்கும் உதவாது என்று அந்த ரோட்டோரத்தில் விளங்கியது. அப்படியென்றால் மற்ற ஆளுக்கு அது எதற்கு உதவும்?

5

மற்ற ஆள் அன்ரன். எங்கட ஊர் அன்ரன். நான் ரியூசனுக்குப் போகும்போது தன்னுடைய சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனவன். எந்த இயக்கத்திலும் இல்லை, எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. சங்கீதம் என்றால் பைத்தியம், கோயில் பாடற்குழுவில் முன்னுக்கு நிற்பான்.

அன்று பின்னேரமே டிலானியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். பிலோவும் கதவடியில் நின்று கேட்டாள். சாக்கு, வாகனம், வரிசை எல்லாம் சொன்னேன். முதல் நூறு பேருக்கு மேல் போனார்கள், நான் ஆட்டவில்லை, ஒவ்வொருத்தருக்கும் எனக்கு ஒரு அடி விழுந்தது என்றேன். பிறகு அன்ரன் வந்தான், ஆட்டிவிட்டேன் என்றேன்.

"அடி தாங்க முடியாமலாப்பா?"

"ஓம்."

அவள் கேட்டாள், "சரி, நூறு பேருக்குத் தாங்குன இல்ல. ஏன் அவருக்கு மட்டும் ஆட்டுன?"

இந்தக் கேள்வியை என்னை விசாரித்த ஒருவரும் கேட்டதில்லை. என்னை ஊரில் கொண்டுவந்து விட்டபோது பங்குத்தந்தை கேட்கவில்லை. இங்கே வந்திறங்கியபோது எழுதி எடுத்தவர்கள் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்காமல் இருக்கத்தான் இவ்வளவு பாடும் பட்டேன். பெற்ற பிள்ளை கேட்டுவிட்டாள்.

"அவன் என்னைக் கண்டுட்டான்" என்றேன். "சாக்குக்குள்ளை முகம் தெரியாது. ஆனா அவன் குனிஞ்சு என்ர காலைப் பாத்தான். என்ர பெருவிரல் சின்னனிலை வெட்டுப்பட்டது, அவனுக்குத் தெரியும். காலைப் பாத்திட்டு நிமிந்து ஓட்டையைப் பாத்தான். இவன் வீட்டை போனால் ஊருக்கெல்லாம் சொல்லுவான் எண்டு பயந்திட்டன். அதுதான் ஆட்டினன். அடிக்கு இல்லை."

பிலோ கதவடியிலேயே குந்திவிட்டாள். டிலானி என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேனா? நினைத்தேன், மறைக்கவில்லை. அவள் பிடிக்கவில்லை. ஃபோனை எடுத்தாள்.

"அவரு முழுப் பேர் சொல்லு. ஊர் பேரும் சொல்லு."

அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஊரில் ரோட்டோரக் கொட்டில் போட்டு, காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் உட்கார்ந்திருக்கிறார்களே, உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு வீடியோ. கடைசி வரிசையில் திரேசம்மா, அன்ரனுடைய அம்மா. உடம்பு சுருங்கி ஒரு பிடி ஆகிவிட்டா. கையில் அவனுடைய பள்ளிக்கூடப் படம். மைக்கைப் பிடித்த ஆளிடம் சொல்கிறா, "என்ர பிள்ளை எங்கையோ உயிரோட இருக்கிறான். அதுதான் இண்டுவரைக்கும் நான் அவனுக்கு ஒரு நினைவுப் பூசை ஒப்புக்குடுக்கேல்லை. என்னை எல்லாரும் குடு குடு எண்டுதான் சொல்லுகினம். எந்த நாளிலை குடுக்க? செத்த நாள் எண்டு ஒரு நாள் இல்லாமல்?"

டிலானி வீடியோவை நிறுத்தினாள். "உயிரோட இருக்காரா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். அவள் எழுந்து போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எழுது. ஊர்ல இருக்கறவங்க படிக்கிற எல்லா குரூப்லயும் நான் போடறேன்" என்றாள். முதல் தாளில் என்னை என்னென்ன செய்தார்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். வாசித்துவிட்டு, "இது அவங்களுக்கு வேணாம்ப்பா" என்று திருப்பிக் கொடுத்தாள். அப்படித்தான் மூன்று தரம் கிழிந்தது.

அவள் இப்போது என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். பிலோ முடி வெட்டக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. கன்னியம்மா வேலைக்கு வருகிறாள், நோட்டில் பெயர் சொல்லிவிட்டுப் போகிறாள், அண்ணே என்று கூப்பிடுவதில்லை. மழை தொடங்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இதை எழுதியதால் எனக்கு நெஞ்சு இலேசாகிவிட்டது என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். முந்தியை விடப் பயமாக இருக்கிறது. இனி உங்களில் யார் வேண்டுமானாலும் என்னைத் தேடி வரலாம்.

6

இனி எழுதுவது ஒரு ஆளுக்கு மட்டும். கண் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கிற ஆராவது வாசித்துக் காட்டுங்கோ.

திரேசம்மா, நான் சவிரிமுத்துவின்ர மூத்தவன். உங்கட வீட்டிலை எத்தினையோ நாள் சாப்பிட்டிருக்கிறன். அன்ரனைக் காட்டிக் குடுத்தது நான். அவன் ஒரு குற்றமும் செய்யேல்லை. அவன்ர வாயிலை இருந்து கடைசி மட்டும் ஒருத்தற்றை பேரும் வரேல்லை, என்ர பேரும் வரேல்லை. நான் அடுத்த அறையிலை இருந்தனான், எல்லாம் கேட்டது.

அவன் உயிரோட இல்லை, அம்மா. பிடிச்ச நாலாம் நாள் அவனை வெளியிலை தூக்கிக்கொண்டு போகேக்கை நான் கதவு இடுக்காலை கண்டனான். முகம் மூடேல்லை. அவன்தான். எங்கை தாட்டுப் புதைச்சவங்கள் எண்டு எனக்குத் தெரியாது, தெரிஞ்சால் சொல்லுவன்.

நாள் மட்டும் தெரியும். தவக்காலத்து மூண்டாம் வெள்ளி. பின்னேரம் மூண்டு மணி இருக்கும், கோயிலிலை சிலுவைப்பாதைக்கு மணி அடிச்சுக்கொண்டிருந்தது. அந்த நாளிலை அவனுக்குப் பூசை ஒப்புக்குடுங்கோ.